கழுவினாலும் மங்கும், கழுவாவிட்டாலும் மங்கும்: சிலிகோன் முக உறுப்புகளின் நிறச் சிக்கல்

சிலிகோனில் வார்த்த செயற்கை மூக்கோ காதோ உடைந்து வீணாவது அபூர்வம். பெரும்பாலும் ஓரம் கிழிந்தோ நிறம் கெட்டோதான் அது கைவிடப்படுகிறது. பொருத்திய முதல் வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கே தெரியாமல் இருந்த மூக்கு, ஒரு வருடம் கழித்துப் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணிலும் படுகிறது. சிலருக்கு அது வெளுத்துவிடுகிறது. சிலருக்கு மஞ்சள் ஏறுகிறது. இன்னும் சிலருக்கு நடுப்பகுதி நன்றாகவே இருக்க, தோலோடு சேரும் விளிம்பு மட்டும் சாம்பல் பூத்துவிடுகிறது. ஒரே கூடத்தில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்த சிலிகோனில் செய்த இரண்டு மூக்குகள் இப்படி இரண்டு விதமாகக் கெடும்போது மூலப்பொருளை மட்டும் திட்டிப் பயனில்லை. அணிபவரின் குளியலறையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றை அணிபவர்கள் யார்? புற்றுநோய் அறுவையில் மூக்கையோ கண்குழியையோ இழந்தவர்கள், விபத்திலும் தீக்காயத்திலும் காதை இழந்தவர்கள், பிறவியிலேயே காது மடல் வளராதவர்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு சேர்ந்து பரவிய கருப்புப் பூஞ்சைத் தொற்று இந்தப் பட்டியலை இந்தியாவில் ஒரேயடியாக நீட்டிவிட்டது. உயிரைக் காப்பாற்றக் கண்ணையும் கண்குழியின் திசுக்களையும் சேர்த்து அகற்ற வேண்டிய நிலைக்குப் பலர் ஆளானார்கள். நம் நாட்டில் இந்த உறுப்புகளைப் பெரும்பாலும் செய்து கொடுப்பவை பல் மருத்துவக் கல்லூரிகளின் பிராஸ்தடான்டிக்ஸ் துறைகள். பல்செட் கட்டித் தரும் அதே துறைதான். அதனாலோ என்னவோ, பல்செட்டுக்குச் சொல்லும் பராமரிப்பு அறிவுரையே சில சமயம் மூக்குக்கும் சொல்லப்பட்டுவிடுகிறது. 'தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இரவில் கழற்றி வையுங்கள்.' தவறான அறிவுரை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சோப்பு, எதைக் கொண்டு தேய்ப்பது, எங்கே காயவைப்பது என்பதெல்லாம் அந்த ஒற்றை வரிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நிறத்தின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிப்பவை அவைதாம்.

கழுவும்போது என்ன நேர்கிறது என்று புரிய, அந்த நிறம் அங்கே எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

மருத்துவச் சிலிகோன் தன்னளவில் நிறமற்றது. ஒளி ஊடுருவக் கூடியது. கூழ் நிலையில் இருக்கும்போதே அதில் நிறமிகளைக் கலக்கிறார்கள். சிவப்புக்கும் பழுப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்பு ஆக்சைடு வகைகள், வெண்மைக்கும் ஒளி மறைப்புக்கும் தைட்டானியம் டை ஆக்சைடு, தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சாயலுக்குச் சிவப்பும் நீலமுமான மெல்லிய ரேயான் இழைத்துகள்கள். கலந்ததை ஒரு துளி எடுத்து நோயாளியின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஓரளவு ஒத்துவந்ததும் அச்சில் ஊற்றி இறுக விடுவார்கள். இது உள்நிறம். சிலிகோன் உடம்பு முழுக்க ஊடுருவி நிற்பதால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் கீழே அதே நிறம்தான் இருக்கும்.

ஆனால் உயிருள்ள முகத்தில் எங்கும் ஒரே நிறம் இல்லை. மூக்கின் நுனி கொஞ்சம் சிவந்திருக்கும், மூக்கோரத்து மடிப்பு கறுத்திருக்கும், காது மடலின் மேல் விளிம்பு வெயில் பட்டு ஒரு படி அடர்ந்திருக்கும், ஆங்காங்கே மச்சம், அம்மைத் தழும்பு, மங்கு. இவற்றையெல்லாம் உள்நிறத்திலேயே கொண்டுவருவது கடினம். எனவே வார்த்தெடுத்த உறுப்பை நோயாளியின் முகத்தில் பொருத்தி, அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, மெல்லிய தூரிகையால் மேலே தீட்டுகிறார்கள். சிலிகோன் மேல் சாதாரண வண்ணம் ஒட்டாது. சிலிகோன் மீது ஒட்டுவது சிலிகோன் மட்டும்தான். ஆகவே கரைப்பானில் நீர்க்க வைத்த மருத்துவச் சிலிகோன் பசையில் நிறமியைக் கலந்து தீட்டி, அதே பசையைக் கடைசியாக ஒரு படலமாகப் பூசி மூடுகிறார்கள். இறுகும்போது அதிலிருந்து வினிகர் வாடை கிளம்பும். கண்ணாடித் தொட்டிக்கு மீன்கடைக்காரர் போடும் ஒட்டுப் பசையின் அதே வாடை, காரணமும் அதே அசிட்டிக் அமிலம். இது வெளிநிறம். பார்த்தவுடன் 'அட, அசல் மூக்குதான்' என்று சொல்லவைப்பது இந்தக் கடைசிப் படலம்தான். கழுவும் கைக்கு முதலில் பலியாவதும் இதுதான்.

இந்தத் தலைவலி சிலிகோனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் 1917ஆம் ஆண்டின் கடைசியில் பாரிஸில் ஒரு கூடம் திறந்தார். மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, வீரர் அதை அணிந்திருக்கும்போதே தோல் நிறத்தைத் தீட்டினார். முதலில் எண்ணெய் வண்ணம் பயன்படுத்தினார். அது செதில் செதிலாகப் பெயர்ந்தது. பிறகு கழுவினாலும் போகாத, பளபளப்பில்லாத கெட்டி எனாமலுக்கு மாறினார். நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு சிற்பி வண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் 'கழுவ முடியுமா' என்பது. சிலிகோன் இந்தத் துறைக்குள் வந்தது 1960 வாக்கில். இறுகிய அக்ரிலிக்கும் கனத்த ரப்பரும் கொடுக்காத தோலின் மென்மையை அது கொடுத்தது. கழுவும் சிக்கலை மட்டும் அது தீர்க்கவில்லை, உருமாற்றிவிட்டது. ஏனென்றால் சிலிகோனுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: தண்ணீரை அண்டவிடாது, எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சமையலறையில் சிலிகோன் கரண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வாங்கிய வெள்ளைக் கரண்டி நாலு நாள் குழம்பில் புரண்டால் மஞ்சளாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்து சிலிகோனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கமுள்ள பெண்ணின் செயற்கை மூக்கு விளிம்பிலும் நடப்பது இதுதான். போதாக்குறைக்குக் குர்குமின் காரம் பட்டால் சிவப்பாக மாறும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் இரத்தக் கறைபோல் ஆவதை எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சள் ஏறிய விளிம்பை அவசரமாகச் சலவைச் சோப்பில் தேய்த்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். செயற்கைக் காதுக்கு வேறொரு எதிரி: தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய். காது மடலின் பின்பக்கம் எண்ணெய் ஊறி ஊறி, மற்ற இடத்தைவிட ஒரு படி அடர்ந்து, கையில் பிசுபிசுப்பாகிவிடும். தலைக்குச் சாயம் பூசும் நாளிலும் காதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

இவை வெளியிலிருந்து வருபவை. முகமே சுரப்பவை வேறு இருக்கின்றன: வியர்வை, தோலின் கொழுப்பு, மூக்குச் சளி, கண்குழியின் கசிவு. நாளெல்லாம் தோலோடு ஒட்டிக் கிடக்கும் சிலிகோனின் உட்பக்கம் வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கும். கேண்டிடா போன்ற பூஞ்சைகளும் ஸ்டைஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்களும் படலமாகக் குடியேற அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. அப்படிக் குடியேறியவை நாற்றத்தையும் தோல் அழற்சியையும் தருவதோடு நிறத்தையும் கெடுக்கின்றன. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம்போல் வருடத்தில் பாதி நாள் புழுங்கும் ஊர்களில் இதைத் தள்ளிப்போட முடியாது. நிறம் போய்விடுமே என்று பயந்து கழுவாமல் விட்டால் அழுக்கும் கிருமியுமே நிறத்தை மாற்றிவிடும். ஆக, கழுவுவதா வேண்டாமா என்று கேட்பதில் பொருளில்லை. எதைக் கொண்டு, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மிக அதிகச் சேதம் நடக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். அது ஓரம்.

உறுப்பை மாட்டுவதற்காக எலும்பில் பதிக்கும் உலோக இம்பிளாண்ட் இல்லாதவர்கள் செயற்கை உறுப்பைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். தோலோடு இழைந்து மறைய வேண்டும் என்பதற்காக விளிம்பை வெங்காயச் சருகுபோல் மெலிதாக வார்த்திருப்பார்கள். இரவில் கழற்றும்போது அந்த விளிம்பின் அடியில் காய்ந்த பசை ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்க வேண்டும். எடுக்காமல் மறுநாள் புதுப் பசை போட்டால் விளிம்பு தடித்துக்கொண்டே போகும். பழைய பசை அழுக்கைப் பிடித்துச் சாம்பலாகும். ஓரம் சாம்பல் பூத்திருப்பதாகச் சொன்னேனே, பல நேரம் அது சிலிகோனின் நிறமாற்றமே அல்ல, அடுக்கடுக்காகச் சேர்ந்த பசைதான். அதை எடுக்கும் முறை எளிது: விளிம்பை உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, கட்டைவிரலின் சதையால் உள்ளிருந்து வெளியே மெதுவாக உருட்டினால் பசை சின்னச் சின்னத் திரியாகச் சுருண்டு வந்துவிடும். நகம் படக்கூடாது. பொறுமையில்லாதவர்கள் நகத்தால் சுரண்டுகிறார்கள், அல்லது பிரஷ் எடுத்துத் தேய்க்கிறார்கள். அப்போது பசையோடு சேர்ந்து மேல்பக்கத்து வெளிநிறமும் உரிகிறது, சில சமயம் விளிம்பே கிழிகிறது. விளிம்பில் சிலிகோன் அவ்வளவு மெலிது என்பதால் அங்கே உள்நிறத்தின் பங்கு மிகக் குறைவு. மேலே தீட்டியது போனால் கண்ணாடித் தாள்போல் வெறுமையாகத் தெரியும்.

பசை கரைவதற்காக மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி என்று கையில் கிடைத்ததைத் தொடுபவர்களும் உண்டு. பெட்ரோலிய வகைக் கரைப்பான்களில் சிலிகோன் உப்பிப் பெருத்துவிடும். ஆவியானதும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதுபோல் தெரியும். ஆனால் உப்பிய வேளையில் வெளிப்படலத்தின் பிடிப்புத் தளர்ந்திருக்கும். உள்ளே பிணையாமல் கிடந்த சிறு மூலக்கூறுகள் கரைந்து வெளியேறியிருக்கும். எந்தப் பசைக்கு எந்த நீக்கி என்பதைப் பசை கொடுத்தவரிடமே கேட்பதுதான் முறை. தோலில் ஒட்டும் உட்பக்கத்தை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. அதே பஞ்சை மேல்பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

அடுத்தது பிரஷ். பல் துலக்கும் பிரஷ்ஷால் தினமும் தேய்த்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கீறல் விழுந்த பரப்பில் பட்ட ஒளி சிதறும். சிதறினால் அதே நிறம் வெளுத்துத் தெரியும். நிறமி ஒரு துளிகூடப் போயிருக்காது, ஆனாலும் மூக்கு மங்கியிருக்கும். அந்தக் கீறல்களே அடுத்த நாள் அழுக்குக்கும் கிருமிக்கும் தங்குமிடமாகும். பற்பசை போட்டுத் தேய்ப்பது இதைவிட மோசம், அதில் உரசுபொருள் இருக்கிறது. அக்ரிலிக் பல்செட்டையே பற்பசையால் தேய்க்க வேண்டாம் என்று சொல்லும்போது மென்மையான சிலிகோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷை உட்பக்கத்துக்கும் மடிப்புகளுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, தீட்டிய மேல்பக்கத்தை விரல் நுனியால் மட்டும் கழுவுவது நிறத்தைக் காக்கும்.

இனி வேதிப்பொருள்கள். சாதாரணமாக ஒரு வீட்டில் கிடைப்பவை நான்கைந்து. அவற்றில் மிதமான திரவச் சோப்பு, அதாவது காரம் ஏறாத, வாசனையும் நிறமும் சேர்க்காத வகை, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முதல் தெரிவு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிளீச் வேறு கதை. சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன். பூஞ்சையையும் அதன் படலத்தையும் ஒழிக்கும். ஆனால் அது கொல்லும் வழியே ஆக்சிஜனேற்றம். துணியை வெளுப்பதும் அதே வழிதான். இரும்பு ஆக்சைடும் தைட்டானியம் டை ஆக்சைடும் ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்த கனிமங்கள். பிளீச் அவற்றை எதுவும் செய்துவிட முடியாது. கரிமச் சாயங்கள் அப்படியில்லை. பிளீச் பட்டால் அவற்றின் நிறம் தரும் பிணைப்புகளே உடைகின்றன. தோலுக்கு உயிர்ச்சாயல் கொடுக்கும் மெல்லிய சிவப்புகளுக்குக் கரிமச் சாயம் பயன்படுத்தியிருந்தால் முதலில் போவது அந்தச் சிவப்பு. மூக்கு வெளுக்கும் முன்பு பிணத்தின் நிறத்துக்கு வருகிறது என்று அணிபவர்கள் கசப்போடு சொல்வதன் வேதியியல் இதுதான். உறுப்பினுள் காந்தமோ உலோகக் கொக்கியோ பதித்திருந்தால் பிளீச் அதையும் அரித்து, துருக்கறையைச் சிலிகோனுக்குள் பரப்பும். பூஞ்சை பிடித்துவிட்டால் மருத்துவர் சொல்லும் நீர்த்த அளவில், சொல்லும் நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். வாராந்தர வழக்கமாக அதை வைத்துக்கொள்வது நிறத்தைத் தவணையில் விற்பதாகும்.

பல்செட்டுக்கான நுரைக்கும் மாத்திரைகள் இதற்கும் சோப்புக்கும் நடுவில் நிற்பவை. தண்ணீரில் போட்டதும் ஆக்சிஜன் குமிழிகளை வெளிவிட்டு அழுக்கைத் தளர்த்தும் காரப் பெராக்சைடு கலவைகள் அவை. தேய்க்கத் தேவையில்லாததால் வெளிப்படலம் உரசலிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் பெராக்சைடும் வெளுக்கும் இனம்தான். 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். முக உறுப்புகளுக்காகப் பயன்படும் இரண்டு சிலிகோன்களில் 28 மாதிரிகள் செய்து, சிலவற்றை நுரைக்கும் மாத்திரையிலும் சிலவற்றை மிதமான சோப்பிலும் வாரத்துக்கு மூன்று முறை என இரண்டு மாதம் கழுவினார்கள். முன்னும் பின்னும் நிறத்தை நிறமாலைமானியில் அளந்தார்கள். கழுவலும் நிறத்தைப் பாதித்தது, வெறுமனே கழிந்த நாட்களும் பாதித்தன. கிருமிநீக்கம் வெளுக்கும் காரணியாகச் செயல்படுகிறது என்று முடித்தார்கள். இதில் என் கவனத்தைப் பிடிப்பது இரண்டாவது செய்தி. இறுகிய பின்னும் சிலிகோனுக்குள் வேதிவினை முற்றிலும் ஓய்வதில்லை. மெதுவாகப் பிணைந்துகொண்டே இருக்கிறது, துணைப்பொருள்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் நிறம் கொஞ்சம் நகரத்தான் செய்யும். அந்தப் பழியையும் சோப்பின் தலையில் போட்டுவிடக் கூடாது.

குளோர்ஹெக்சிடின் பற்றி ஓர் எச்சரிக்கை. வாய் கொப்பளிக்கும் மருந்தாகவும் கை கழுவும் திரவமாகவும் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பதால் பலர் இதை நாடுகிறார்கள். நல்ல கிருமிநாசினி. ஆனால் நாள்பட வாய் கொப்பளித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிவது பல் மருத்துவர் எவருக்கும் தெரியும். மருந்துக் கடைக் கொப்பளிப்பான்களில் பல தாமே நிறம் சேர்த்தவை. இன்னொன்று: சாதாரணச் சோப்பின் நுரை மிச்சம் இருந்தால் குளோர்ஹெக்சிடின் செயலிழந்துவிடும். சோப்புப் போட்டு அலசாமல் அதில் ஊறவைப்பது வீண் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியம், குளோர்ஹெக்சிடினையும் பிளீச்சையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சந்தித்தால் செம்பழுப்பு வீழ்படிவு உண்டாகும். வேர் சிகிச்சை செய்பவர்கள் பல்லுக்குள் இதைப் பார்த்திருப்பார்கள். கீறல் விழுந்த சிலிகோனின் இடுக்குகளில் அந்தப் பழுப்புப் படிந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

அடுத்து, நம் ஊர்களுக்கே உரிய ஒன்று: உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் திரி திரியாக வெள்ளைப் படிவு உண்டாகும். வெளிர் தோலுக்குச் செய்த சிலிகோனில் அது அவ்வளவாகத் தெரியாது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செய்ததில் சாம்பல் தடவியதுபோல் தெரியும். நிறம் வெளுத்துவிட்டதாக நினைத்து மருத்துவமனைக்கு ஓடும் முன்பு, கடைசி அலசலைக் குடிதண்ணீரில் செய்து பார்ப்பது நல்லது.

கழுவிய பிறகு காயவைக்க வேண்டுமே. இங்கேதான் நம் நல்ல பழக்கம் ஒன்று நமக்கே எதிராகத் திரும்புகிறது. வெயிலில் காயவைத்தால் கிருமி சாகும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. துணிக்கும் வடகத்துக்கும் அது சரி. சிலிகோன் உறுப்புக்கு வெயில்தான் முதல் எதிரி. புறஊதாக் கதிர் கரிம நிறமிகளைச் சிதைக்கிறது. அணிந்து வெளியே போகும்போது படும் வெயிலைத் தவிர்க்க முடியாது. கழற்றி வைத்த நேரத்திலும் ஜன்னல் திட்டில் வைத்து அதைக் கூட்டுவானேன்? மென்துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விட்டு, மூடிய டப்பாவில் வைத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், மஞ்சள் கறை மட்டும் வெயிலில் மங்கும், குர்குமினுக்கு ஒளி ஆகாது. அந்தக் கறையைப் போக்க வெயிலில் வைத்தால் மஞ்சளோடு சேர்ந்து மூக்கின் சிவப்பும் போகும்.

நிறம் மாறியது என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? ஆய்வாளர்கள் 1976இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண்கள்: எவ்வளவு வெளிச்சம், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் எங்கே, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் எங்கே. இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தொலைவு டெல்டா ஈ. அந்தத் தொலைவு எவ்வளவு ஆனால் கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு ஆனால் மனம் ஏற்காது என்று தோல் நிறச் சிலிகோன் மாதிரிகளை வைத்து 2009இல் அளந்திருக்கிறார்கள். வெளிர் தோல் மாதிரிகளில் 1.1 ஆனாலே பாதிப் பேர் வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள், 3.0 தாண்டியபோது பாதிப் பேர் ஏற்க மறுத்தார்கள். கருந்தோல் மாதிரிகளில் அந்த எல்லைகள் 1.6, 4.4. நம் தோலுக்குச் செய்யும் உறுப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை கிடைக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

ஆனால் இந்த எண்களைக் கையாளும்போது நிதானம் வேண்டும். ஆய்வகத்தில் கழுவப்படுபவை தட்டையான வட்டத் துண்டுகள். அவற்றில் விளிம்பு இல்லை, மடிப்பு இல்லை, பசை இல்லை, முகத்தின் எண்ணெய் இல்லை. பல ஆய்வுகளில் வெளிநிறமே தீட்டப்படுவதில்லை. பிரேசில் ஆய்வின் இரண்டு மாதத்தில் ஒரு துண்டு கண்ட கழுவல் ஏறக்குறைய இருபத்தைந்து. தினமும் கழுவுபவர் ஒரு மாதத்துக்குள் அதைத் தொட்டுவிடுவார். கழுவும் முறைகளால் வந்த மாற்றம் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், உள்நிறம் மட்டும் கொண்ட சுத்தமான துண்டுக்கு அது உண்மை. வீட்டில் பசையைச் சுரண்டும் கட்டைவிரல் அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆய்வகம் அந்தத் துண்டை அதன் பழைய நிறத்தோடு ஒப்பிடுகிறது. வாழ்க்கையில் மூக்கு ஒப்பிடப்படுவது பக்கத்துக் கன்னத்தோடு. கன்னம் சும்மா இருப்பதில்லை: சித்திரை வெயிலில் கறுக்கிறது, மார்கழியில் வெளுக்கிறது, கோபத்தில் சிவக்கிறது, காய்ச்சலில் வாடுகிறது. மூக்கு ஒரு புள்ளியும் மாறாமல் இருந்தாலே பொருந்தாமல் போய்விடலாம். ஒளியும் விளையாடும், நிறமிகளின் கலவை தோலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒத்திருந்து, டியூப் லைட்டில் பச்சையடிக்கலாம். ஆகவே 'நிறம் போய்விட்டது' என்று ஒருவர் வந்தால் முதலில் எந்த வெளிச்சத்தில், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கோடைக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என இரண்டு செய்து கொடுப்பவர்களும் உண்டு. வசதியுள்ளவர்களுக்கு அது சாத்தியம். மாறிமாறி அணிவதால் ஒவ்வொன்றும் கழுவப்படும் எண்ணிக்கையும் குறையும்.

எலும்பில் டைட்டானியம் இம்பிளாண்ட் பதித்து, அதில் காந்தத்தாலோ கொக்கியாலோ உறுப்பை மாட்டும் முறை ஸ்வீடனில் 1970களின் கடைசியில் தொடங்கியது. பசையே வேண்டியதில்லை என்பதால் விளிம்பு தப்பிக்கிறது, நிறமும் நீண்ட நாள் நிற்கிறது. நம் நோயாளிகளில் பலருக்கு அதன் செலவு எட்டாது; கதிர்வீச்சு பட்ட எலும்பில் அது பிடிப்பதும் கடினம். கண்குழி உறுப்பை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தோடு இணைத்துவிடுவது மலிவான மாற்று. அழகில் ஒரு மாற்றுக் குறைந்தாலும், கழுவும்போது சுரண்ட எதுவும் இருக்காது என்பதற்காகவே அதைப் பரிந்துரைக்கலாம்.

செய்து கொடுப்பவர்கள் பக்கம் ஒரு சில சொற்கள். பெரும்பாலான நிறத்தை உள்ளேயே கொண்டுவந்துவிட்டு வெளிநிறத்தை நுண்ணிய வேறுபாடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், கழுவலில் போவதும் கொஞ்சமாகத்தான் இருக்கும். நேரம் பிடிக்கும் வேலை இது. நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது ஒரே உள்நிறத்தில் வார்த்துவிட்டு மிச்சத்தைத் தூரிகையால் சரிக்கட்டும் ஆசை யாருக்கும் வரும். அப்படிச் செய்த உறுப்பு கொடுத்த அன்று பிரமாதமாக இருக்கும், ஆறாம் மாதம் பல்லிளிக்கும். ஒளி மறைப்பியாகத் தைட்டானியம் டை ஆக்சைடு போன்றதைச் சேர்ப்பது மற்ற நிறமிகளுக்கும் ஓரளவு பாதுகாப்பு. கூட்டினால் தோலின் உயிர்த்தன்மை போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும் என்பதால் கைப்பக்குவம் தேவைப்படுகிறது.

மங்கிய உறுப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உடம்பு கிழியாமல் இருந்தால் மேற்பரப்பில் ஏறிய எண்ணெயைக் கரைப்பானால் துடைத்து எடுத்து, வெளிநிறத்தை மறுபடி தீட்டி மூடலாம். புதிதாகச் செய்வதோடு ஒப்பிட்டால் இது ஓரிரு மணி நேர வேலை. அதற்கு ஒரு நிபந்தனை, முதல்முறை என்னென்ன நிறமி எந்த அளவில் சேர்த்தார்கள் என்ற குறிப்பு இருக்க வேண்டும். அச்சைப் பத்திரமாக வைத்துவிட்டு நிறக் கலவையை எழுதி வைக்காத கூடங்களில், இரண்டாவது மூக்கு வடிவத்தில் முதலாவதன் இரட்டையாகவும் நிறத்தில் அந்நியனாகவும் வந்து நிற்கும். மறுபரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் கழுவப் பயன்படுத்தும் சோப்பு, பிரஷ், பசை, பசை நீக்கி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லலாம். வாய்ச்சொல்லில் 'சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன்' என்பவரின் பையிலிருந்து துணி துவைக்கும் கட்டியும் நாராய்த் தேய்ந்த பிரஷ்ஷும் வெளிவந்தால், அடுத்த உறுப்பை வார்ப்பதற்கு முன்பே விளக்கம் கிடைத்துவிடும்.